ஒரு நிமிஷம் இருபது செகண்ட்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதறது. இங்கே நாங்க மூணு பேரும் உடம்பளவுல சுகம், மனசைப் பத்தி நீ கேக்க வேண்டாம், நானே சொல்றேன். அங்கே நீயும் மருமகளும் பிள்ளைங்களும் நல்லா இருக்கணும், சின்னவளுக்கு இருமல் நின்னுச்சா இல்லையான்னு எழுது. போன சனிக்கிழமை மலையில யார் யார் இருந்தாங்கன்னு முதல்லயே எழுதிடறேன், நாளைக்கு ஒருத்தரும் நான் அங்கே இல்லவே இல்லைன்னு நழுவக் கூடாது. உன் தங்கச்சி இருந்தா. அவ ஓட்டக் கிளப்புக்கு கேப்டன்னு சொல்லிக்கிற பூட்டு ரிப்பேர்காரர் இருந்தார். பல் டாக்டரம்மா இருந்தாங்க. கடைசி ஆளா ஓட வேண்டிய தபால்காரர் இருந்தார். ஆம்புலன்ஸ் டிரைவர் இருந்தான், தூங்கினான். உங்க அப்பா கையில கயிறோட இருந்தார். நான் மடக்கு நாற்காலியில ரெண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு பிளாஸ்கைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்.

போன்ல நீ கேட்டப்போ உன் தங்கச்சி ஒண்ணுமில்லண்ணா தோத்துட்டோம்னு ரெண்டே வார்த்தையில முடிச்சிட்டா, அது பொய். தோத்திருந்தா நான் இவ்வளவு கொதிக்க மாட்டேன். இந்த மலை ரிலேயில நாலு பேரு, ஆளுக்கு ஒரு மலை, ஒருத்தர் இறங்கி வந்து கைப்பட்டையைக் கழட்டிக் கொடுத்தாத்தான் அடுத்தவர் ஏறலாம். குளிர்காலத்துல சீக்கிரம் இருட்டிடும்னு மூணாவது நிறுத்தத்துல சரியா பதினொன்றரைக்குக் கயிறு கட்டிடுவாங்க, அதுக்கப்புறம் வர்ற கிளப்பு அத்தோட வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ரெண்டு வருஷம் சேந்தாப்புல ஓட்டத்தை முடிக்கலன்னா இடத்தைப் பிடுங்கி வேற கிளப்புக்குக் கொடுத்துடுவாங்க. போன வருஷம் பூட்டுக்காரர் மூடுபனியில வழி தப்பி எவன் வீட்டு மாட்டுக் கொட்டகையிலயோ போய் நின்னதுல ஒரு வருஷம் போச்சு. அதனால இந்தத் தடவை முடிச்சே ஆகணும். உன் தங்கச்சிக்கு அந்தக் கிளப்பு என்னன்னு உனக்குத் தெரியும். கட்டின கடன்காரன் அவளை விட்டுட்டுப் போனப்புறம் எட்டு மாசம் சுவரைப் பாத்துப் படுத்துக் கிடந்தவளை எழுப்பி ஓட வெச்சது அதுதான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல எட்டு மணி நேரம் ஈரப் போர்வை தூக்கறவ, அதுக்கு முன்னாடி விடியக்காலையில எழுந்து ஓடினாள்னா வேற எதுக்கு?

ஒவ்வொரு கிளப்பும் வேலைக்கு ஒரு பெரியவரை அனுப்பணுமாம். பஸ் ஸ்டாண்டுல முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பரா இருந்தவர்னு கயிறை உங்க அப்பா கையிலயே கொடுத்துட்டாங்க. காலையில கிளம்பும்போது அந்தச் சாவி கொடுக்கிற பழைய கைக்கடிகாரத்தைத் தேடு தேடுன்னு தேடினார். கண்ணாடி கீறல் விழுந்து, வார் நைஞ்சு போன சனியனைக் கட்டிக்கிட்டா நாலு பேரு முன்னாடி நிக்கறது, பிள்ளை வாங்கி அனுப்பினது பெட்டிக்குள்ள தூங்குது, அதைக் கட்டுங்கன்னு சத்தம் போட்டேன். வேண்டா வெறுப்பா கட்டிக்கிட்டார்.

சரி, ஓட்டத்துக்கு வர்றேன். முதல்ல ஓடின டாக்டரம்மா கையுறையை கார்லயே மறந்துட்டு, விறைச்ச விரலால பட்டையைக் கழட்ட முடியாம ஒரு நிமிஷத்தைத் தொலைச்சாங்க. அடுத்தவங்க வாயில அவ்வளவு நுணுக்கமா வேலை செய்யற கை! ரெண்டாவது பூட்டுக்காரர். உச்சியில நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாராம். ஒண்ணு இல்ல, மூணு, முதல் ரெண்டுல கண்ணு மூடியிருந்துச்சாம். இதை அவரே சிரிச்சுக்கிட்டு என்கிட்டக் காட்டறார். நீ மூணாவது படிக்கும்போது உன் குடையை வாங்கிட்டுப் போய்த் திருப்பித் தராத பக்கத்து வீட்டுக்காரியையே நான் மறக்கல, கறுப்புக் குடை, மரப்பிடி. இவரையா மறப்பேன்? உன் தங்கச்சி கைக்குப் பட்டை வரும்போது ஒன்பது நிமிஷம் பின்னாடி. அந்த ஒன்பதுல ஏழரை நிமிஷத்துக்கு மேல அவ எப்படித் தின்னாள்னு எனக்குத் தெரியாது. பனிக்குள்ள முதல்ல ஒரு சிவப்புத் தொப்பி தெரிஞ்சுது, அப்புறம் முழங்கால் ரெண்டும் சேறும் ரத்தமுமா அவ தெரிஞ்சா. தபால்காரர் குதிச்சுக்கிட்டு வா தாயி வா தாயின்னு கத்தறார். நான் நாற்காலியை உதைச்சுத் தள்ளிட்டு எழுந்துட்டேன். உங்க அப்பா மணிக்கட்டைப் பாத்தார், அவளைப் பாத்தார், மறுபடியும் மணிக்கட்டைப் பாத்தார், கயிறைக் கட்டிட்டார். பெத்த மகள் ஓடி வந்துக்கிட்டு இருக்கும்போது முடிச்சு போட்டார்டா. அவ வந்து கயிறுல வயிறு இடிச்சு நின்னப்போ பதினொன்றரைக்கு மேல ஒரு நிமிஷம் இருபது செகண்ட் ஆயிருந்துச்சு. தபால்காரர் சார் சார், யாரும் பாக்கல சார்னு கெஞ்சினார். டிரைவர் கண்ணு முழிச்சு, நான் தூங்கிட்டுத்தான் இருக்கேன் விடுங்கன்னு சொன்னான். அசையல மனுஷன். மணி ஆயிடுச்சும்மான்னு அவகிட்ட மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் நான் அவர்கிட்டப் பேசல, தட்டை மட்டும் வெச்சேன். தெருவுல இருக்கறவங்க வந்து நேர்மைன்னா இது நேர்மைன்னு அவர் கையைப் பிடிச்சுக் குலுக்கறாங்க, எனக்குப் பத்திக்கிட்டு வருது. உன் தங்கச்சி ஒரு வார்த்தை குத்தம் சொல்லல. மறுநாள் காப்பி போட்டுக் கொடுத்து நீங்க செஞ்சது சரிப்பான்னு சொன்னா, அவர் அதைக் குடிக்காம ஆற வெச்சார். ஆனா ஓட்ட ஷூவைத் தேய்ச்சுக் கழுவிப் பரண் மேல போட்டுட்டா. விடியக்காலையில எழுந்திருக்கறது இல்ல. நான் போய் எட்டிப் பாத்தா சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கா. மூணாம் நாள் தாங்க முடியாம அவர்கிட்டப் போய், உங்க மனசு என்ன கல்லான்னு கேட்டேன். என் பழைய கடிகாரம் ரெண்டு நிமிஷம் பின்னாடி ஓடும் தெரியுமில்லன்னார். தெரியும், அதை ரிப்பேர் பண்ணுங்கன்னு எத்தனை வருஷம் கத்தியிருக்கேன்னேன். அது ரிப்பேர் இல்லடி, ஒரு தடவை கடைக்காரன் சரி பண்ணிக் கொடுத்தான், நான்தான் திருப்பி வெச்சேன், மூட்டையும் பிள்ளையுமா ஓடி வர்றவங்களுக்கு அந்த ரெண்டு நிமிஷம், மணி ஆனப்புறம் ஒரு வண்டியைக்கூட நான் நிறுத்தி வெச்சதில்ல, அவங்க ஓடி வர்றப்போ என் கடிகாரத்துல மணி ஆகியிருக்காதுன்னார். அப்புறம் என்னைக் கேக்கல, சுவரைக் கேக்கற மாதிரி, அன்னைக்கு அதை எங்கே வெச்சேனோ தெரியலன்னார்.

நீ போன் பண்ணும்போது கடிகாரம் நல்லா ஓடுதாப்பான்னு அவரைக் கேட்டுத் தொலைக்காதே, அவர் இப்போ எதையும் கட்டறதில்ல, மணிக்கட்டுல வெள்ளையா ஒரு தடம்தான் இருக்கு. இனிமே எதுவும் வாங்கி அனுப்பவும் வேண்டாம். தங்கச்சிகிட்ட நீயா பேசு, விடியக்காலையில கூப்பிடு, அப்பவாவது எழுந்திருப்பா. பேரனோட பல்லை டாக்டர்கிட்டக் காட்டு, தள்ளிப் போடாதே. நீயும் மருமகளும் பிள்ளைங்களும் நூறு வருஷம் ஒரு குறையும் இல்லாம இருக்கணும். டாக்டரம்மாவை அடுத்த பல்வலி வரைக்கும் மன்னிக்க மாட்டேன். பூட்டுக்காரர் தேடி வந்து அழுதார், போகட்டும். உங்க அப்பாவை நேத்தே மன்னிச்சிட்டேன், அவருக்கு இன்னும் சொல்லல. ஆனா ஓட்டத்துக்கு முதல் நாள் ராத்திரியே அந்தப் பழைய கடிகாரத்தை எடுத்துக் கம்பளிக்கு அடியில ஒளிச்சு வெச்சுட்டு, காலையில அவர் தேடும்போது வாயைத் திறக்காம நின்னவ ஒருத்தி இருக்கா. அவளை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன்.

இப்படிக்கு அவளேதான்,
உன் அம்மா