நீ திருப்பித் தந்த மக்ரூன் பெட்டி

மேசைமேல் ஒரு மக்ரூன் பெட்டி இருக்கிறது. என் கட்சிக்காரரான மீனவர் சங்கத் தலைவர் வைத்துவிட்டுப் போனது. அறை முழுக்க முந்திரியும் சர்க்கரையுமாக வாசனை. என்னால்தான் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நீயும் கண்ணை மூடிவிட்டாய், யாரிடம் போய்ப் புலம்புவது?

திருநெல்வேலியில் சட்டம் படித்தபோது நமக்கு ஒரே விடுதி அறை. நான் தூத்துக்குடிக்கு வக்கீலாகத் திரும்பினேன். நீ பல ஊர் சுற்றி இங்கேயே நீதிபதியாக மாற்றலாகி வந்தாய். வந்த கொஞ்ச நாளில் நான் நடத்திய இட வழக்கு ஒன்று உன் முன்னால் வந்தது. நாம் தோழிகள் என்பதை எல்லார் முன்னாலும் சொல்லி, எதிர்த்தரப்புக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டாய். இல்லை என்றார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் கொண்டுவந்த மக்ரூனை வாசலிலேயே திருப்பித் தந்தாய்.

"ஏளா, ஒங் கேசு எங்கிட்ட இருக்குத வரைக்கும் இது எனக்கு வேண்டாம். கோவிச்சுக்காத."

கோபித்துக்கொள்ளத்தான் செய்தேன். அதுவும் போதாதென்று எனக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னாய். அன்று சாயங்காலமே, கொஞ்சமும் கூச்சமில்லாமல் என் வீட்டுக்கு வந்து, "இப்பக் குடுளா" என்று கை நீட்டினாய். வாய் நிறையத் திட்டிக்கொண்டே பெட்டியைப் பிரித்தேன். அன்றிரவு எனக்கு நல்ல தூக்கம்.

இப்போது தூக்கமே இல்லை. படகுகளை ஏற்றி வைக்கும் கரையை அரசு எடுக்கப் பார்க்கிறது. சங்கம் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், தீர்ப்புக்காக ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. விசாரித்த அமர்வின் மூத்த நீதிபதி இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். அரசு அவருக்கு ஒரு பெரிய பதவியைத் தயாராக வைத்திருப்பதாகத் தொலைக்காட்சியில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையோ புரளியோ தெரியாது. அவரும் உன்னைப்போல நேரான மனிதராக இருக்கலாம். இருந்தும் மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது.

"தோத்தாலும் பரவால்ல வக்கீலம்மா," என்றார் தலைவர். "ஆனா நம்மள தோக்கடிச்சவருக்கு அவுகளே வேலையும் குடுத்தா, எங்க ஆளுகளுக்கு நா என்ன சொல்லுவேன்?"

தீர்ப்பு வந்த பிறகு பிரிக்கலாம் என்று பெட்டியை அப்படியே வைத்திருக்கிறேன்.

கரையில் எல்லாரும் ஜெயிக்க வேண்டும் என்று ஜெபிக்கிறார்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். கூடவே இன்னொன்றும் கேட்கிறேன்: தோற்பதானால், உன்னிடம் தோற்றதுபோலத் தோற்க வேண்டும்.