கழிவுப் புட்டியின் அடியில்

மார்ச் 4
என் தங்கத் துகள்களில் புரதம் அறவே ஒட்டவில்லை! கண்ணுக்குத் தெரியாத இந்தப் பொடிதான் நாளை மருந்தைச் சுமந்து ரத்தத்துக்குள் போக வேண்டும். ரத்தப் புரதம் அப்பிக்கொண்டால் உடம்பு அடையாளம் கண்டு விரட்டிவிடும். அதைத் தடுக்கத்தான் பாலிமர் பூச்சு. நான் பூசியது அடர்த்தியானது. எதிர்மேசை அக்கா பூசியது மெல்லிசு. அதில் புரதம் தாராளமாக ஒட்டியிருந்தது. "அக்கா, உங்க பூச்சு புரதத்துக்கு விருந்தே வைக்குதே!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும்தான்.

மார்ச் 11
பேராசிரியர் என் பூச்சைத் தேர்ந்தெடுத்தார். அக்காவின் வேலையை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை பாக்கலாமே சார்" என்று அக்கா கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 19
கழிவுப் புட்டி நிரம்பிவிட்டதென்று தூக்கினேன். அடியில், நாள்கணக்கில் நின்றதில் இறங்கிய கருஞ்சிவப்புப் படிவு. இவ்வளவு நுண்ணிய பொடியானால் தங்கம் சிவப்பாகத்தான் தெரியும். தங்கம். என் தங்கம்.

துகளை ரத்த நீரில் ஊறவைத்து, இயந்திரத்தில் குழாயைச் சுழற்றினால் துகள் அடியில் இறங்கும். மேலே நிற்கும் ரத்த நீரைக் கழிவுப் புட்டியில் ஊற்றிவிட்டு, துகளில் எவ்வளவு புரதம் என்று அளப்போம். அக்காவின் துகள் இறங்கியது. அடர்ந்த பூச்சோடு இருந்த என்னுடையதற்கு அந்த வேகம் போதவில்லை, மேலேயே நின்றிருக்கிறது. துகளையே கொட்டிவிட்டுப் புரதம் இல்லை என்று மார்தட்டியிருக்கிறேன். இல்லாத துகள்ல என்னத்தடி ஒட்டும்?

ஊற்றும்போதே லேசாகச் சிவந்திருந்தது. ரத்த நீரின் நிறம் என்று நினைத்தேன். நினைத்தேனா — இல்ல, அப்படி நினைச்சா வசதின்னு விட்டுட்டேனா?

மார்ச் 20
சொல்லவில்லை.

மார்ச் 21
அக்கா தன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். "என்னடி, முகமே சரியில்ல? சாப்பிட்டியா?"

யார்கிட்ட வந்து கேக்கறாங்க பாரு. கூனிக் குறுகிப்போனேன். கழிவறையில் போய் அழுதேன். அதற்கும் வெட்கமாக இருந்தது.

மார்ச் 22
கூட்டத்தில் புட்டியை மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "ரெண்டையும் மறுபடி செய்ங்க. அதுவரைக்கும் எதையும் மூட வேணாம்" என்றார் பேராசிரியர். அக்கா என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மார்ச் 27
இயந்திரத்தில் ஒரு குழாய் வைத்தால் எதிரே அதே எடையில் இன்னொன்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் கண்டுவிடும். வழக்கம்போல் வெறும் தண்ணீர்க் குழாயை எடுத்தேன். அக்கா வந்து அதை ஓரமாக வைத்துவிட்டு, தன் குழாயை எடைபார்த்து என்னுடையதற்கு எதிரே இறக்கினார்.

"வேகத்த கூட்டிட்டியா?"

"கூட்டிட்டேன்க்கா."

மூடியை அழுத்தி மூடினார்.

"நின்னதும் நீ ஊத்தாத. நான் ஊத்தறேன்."

சரி என்றேன்.