பூஜையில் வைத்த போன்

வடக்குப்பட்டு
வியாழக்கிழமை

அன்புள்ள அண்ணன் இளம்பரிதிக்கு,

அம்மா சொல்லச் சொல்ல சுபஸ்ரீ எழுதுவது. அம்மா, பூஜா அக்கா, நான் மூவரும் சுகம். உன் கால் சுகம் என்று தெரிந்தால்தான் எங்கள் சுகமும் சுகமாம், அப்படியே எழுதச் சொல்கிறாள். போன ஞாயிறு ராணுவப் பயிற்சி முகாமிலிருந்து நீ பேசும்போது முழங்காலுக்குக் கீழே வீங்கியிருக்கிறது, ஓட முடியவில்லை, பேசாம வந்துடட்டுமா என்று கேட்டாய், அம்மா வாய் திறப்பதற்குள் உனக்குக் கொடுத்த பத்து நிமிடம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அம்மா ஓரிடத்தில் உட்காரவில்லை, கம்பெனி கேண்டீனில் சாம்பாருக்கு இரண்டு முறை உப்பைப் போட்டுவிட்டு, காந்திமதிக்கா இது சாம்பாரா கடலா என்று சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கி வந்தாள்.

நேற்று ஆயுத பூஜை. நீ இல்லாததால் எல்லாம் அக்காவும் நானும்தான். அவள் நைட் ஷிப்ட் முடித்து வந்து அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள், நெற்றி நிறையச் சந்தனம் குங்குமம் வைத்துச் சுற்றிலும் பொரி போட்டேன். எழுந்து இன்னாடி இது என்றாள், ஓ.டி. பாக்குற மெஷினுக்குப் பூஜை என்றேன், துடைப்பத்தோடு துரத்தினாள், அதற்கும் பொட்டு வைத்திருந்தேன். உன் பைக்கைக் கழுவிப் பூப் போட்டோம். அண்ணனுக்கு இன்னா வைக்கிறது, துப்பாக்கி அங்க கீதே என்று அம்மா முகம் வாடியதும், திரையில் உன் படம் இருக்கிற அக்காவின் போனை எடுத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்து, துப்பாக்கிக்குப் பதில் இது, ரெண்டும் சுடும் என்றேன். மூன்று நாளைக்கு அப்புறம் அம்மா சிரித்தாள், அவளே அதற்குப் பொட்டும் வைத்தாள். பதினைந்து நாளைக்குப் போன் தரமாட்டார்கள் என்று நீதானே சொல்லியிருந்தாய், அந்த தைரியம்.

பூஜை முடிந்து கொஞ்ச நேரத்தில் உன் நம்பரிலிருந்தே போன் அடித்தது. அக்கா கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, தொடாதடி, புள்ள பேர்ல வச்சது, மறுபூஜைக்கு முன்ன எடுத்தா அவனுக்குத்தான் ஆவாது என்றாள். மூன்று முறை அடித்து ஓய்ந்தது. நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். இன்று காலை மறுபூஜை முடிந்ததும் அம்மா முதல் வேலையாகப் போட்டுப் பார்த்தாள், ஸ்விட்ச் ஆஃப். இதையெல்லாம் எழுத வேண்டாம் என்றாள். வைத்தவள் நான், அதனால் எழுதுகிறேன். கோபத்தை என் மேலேயே வைத்துக்கொள், அம்மா நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தோம். இன்னும் ரெண்டு மாசம் பல்லக் கடிச்சிக்கினு இருக்கச் சொல்லு என்றாள் அம்மா, எழுதினேன். உடனே அடிச்சிடு, காலு போனா வருமா என்றாள், அடித்தேன். ஊர்க்காரங்க இன்னா சொல்லுவாங்க என்று ஒரு சுற்று, சொல்லிட்டுப் போவட்டும் என்று ஒரு சுற்று. மேலே உள்ள கிறுக்கலெல்லாம் அதுதான். நீயே ஒரு முடிவு சொல்லும்மா என்று அக்கா அலுத்துக்கொண்டாள். அம்மா என் பேனாவைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு, வந்துடட்டுமான்னு கேட்டுக்கினு வர்றதுக்கு இது இன்னா அடுத்தவங்க வூடா, அத்த மட்டும் எழுது என்றாள்.

வலியை மறைத்துக்கொண்டு ஓடாதே. டாக்டரிடம் காட்டி, அவர் சொன்னதை நாலு வரி எழுதிப் போடு. கை கால் சுகத்தோடு நூறு வருஷம் நல்லா இருடா கண்ணு என்கிறாள். கீழே உள்ளது அவள் கையாலேயே எழுதியது.

உன் அம்மா
காந்திமதி