ரோஸிக்கு அடித்த மொட்டை

சென்னீர்குப்பம்

அன்புள்ள கார்த்திகாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் ரோஸியும் சுகம், மூவரில் ஒருவருக்கு மட்டும் முடி இல்லை. அங்கே நீ குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வடகப் பொட்டலத்துக்குள் கடிதம் எதற்கு என்று திகைக்காதே. போனில் உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று உங்கப்பா சத்தியம் வாங்கியிருக்கிறார். கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. உன் சிநேகிதி ரேஷ்மா அங்கே கிளம்புகிறாள் என்றதும் பேனாவை எடுத்துவிட்டேன்.

நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் ரோஸி தூங்குகிறாள், மாடியில் இருக்கிறாள் என்று மழுப்பினோமே, போன வாரம் நீ அழுதுகொண்டே ரோஸி செத்துட்டாளா, உண்மையச் சொல்லும்மா என்று கேட்டாயே, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சாகவில்லை கண்ணு, மொட்டைதான். அடித்தது உங்கப்பா. கத்திரி வெயிலில் அவள் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டு கிடந்தாள், அந்த வெள்ளை முடியைப் பார்த்துப் பார்த்து இவருக்கு வேர்த்தது. சின்ன வயதில் கோடை வந்தால் உனக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசினோம் இல்லையா, அதே வைத்தியம். சலூன் ராகேஷை வீட்டுக்கே கூட்டி வந்திருக்கிறார். அவன் இன்னா நைனா, நாய்க்கு மொட்டையா, அப்ப காது குத்து எப்போ என்று கேட்டானாம். இவர், இந்த வெயில்ல உன்க்குக் கம்பளி போத்தி வுட்டா தெரியும்டா, மெஷினை எடு என்றாராம். நான் ரேஷன் கடையிலிருந்து திரும்பினால் வாசலில் உரித்த கோழி மாதிரி ஒன்று, தலை முதல் வால் வரை சந்தனத்தோடு நிற்கிறது. எதிர்வீட்டு சுதா, பிரசாதம் எங்கக்கா என்று கேட்டுவிட்டாள்.

சிரிப்பெல்லாம் அன்றோடு சரி. மறுநாள் ரோஸி வழக்கம்போல் மாடியில் போய்ப் படுத்தாள், சாயங்காலம் முதுகெல்லாம் சிவந்துபோய்க் கட்டிலுக்கடியில் புகுந்தவள் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. உங்கப்பாவும் தொடவில்லை. குமணன்சாவடியில் கால்நடை டாக்டர் ஜமீலாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். சார், இந்த ஜாதிக்கு முடி ரெண்டு அடுக்கு, மேல் முடிதான் வெயிலைத் தடுக்குது, அடியில உதிர்றதை தினம் சீவி எடுத்தாலே போதும், நீங்க உங்க கிராப்பை எடுத்துட்டு மாடியில நின்னு பாருங்க என்று அந்தப் பெண் சொன்னதும், மாதாமாதம் மை பூசி வளர்க்கிற தலைக்கு இவர் கை தானாகப் போனது. சில நாய்களுக்குப் பழையபடி வளராமலும் போகும் என்று டாக்டர் சொன்னதில் முகம் செத்துவிட்டது. திரும்பும் வழியில் அம்மன் கோயிலில் நின்று, ரோஸிக்கு முடி வளர்ந்தால் என் முடியைத் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டார்.

ரோஸி தேறிவிட்டாள், கவலைப்படாதே. உன் பழைய காட்டன் பனியனைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க வலம் வருகிறாள். வயிற்றிலும் பாதத்திலும் ஈரத்துணி வைக்கிறோம். உங்கப்பா அவளை வெளியே கூட்டிப் போகுமுன் ரோட்டில் புறங்கையை வைத்துப் பார்க்கிறார், சுட்டால் திரும்பிவிடுகிறார். தினமும் ரோட்டைத் தொட்டுக் கும்பிடுகிறார் என்று தெருவில் பேச்சு.

இப்போது சங்கதி என்னவென்றால் முதுகில் மெதுவாக முடி முளைக்கிறது. நான் காட்டினால், இது முடியா, தூசு என்கிறார். கார்த்திகா வந்து பாத்து வளந்துடுச்சுன்னு சொல்லட்டும், அப்போ அடிச்சிக்கிறேன் என்று அம்மனிடமே வாய்தா வாங்கிவிட்டார். கண்ணாடி முன் நின்று வேறு வெகுநேரம் சீவுகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள், அம்மன் துணை உனக்கு எப்போதும் உண்டு. தீபாவளிக்கு வரும்போது ஒன்றை மட்டும் மறக்காதே. செருப்பைக்கூடக் கழற்றாமல் ரோஸியைத் தடவி, எவ்வளவு வளர்ந்திருந்தாலும் சரி, வளந்துடுச்சுப்பா என்று உரக்கச் சொல்லிவிடு. ராகேஷிடம் சொல்லி வைத்துவிட்டேன். சந்தனம் நான் அரைக்கிறேன்.

உன் அம்மா
தாட்சாயிணி