சாத்திய கதவுக்கு வெளியே

கொட்டச்சேடு,
தை மாதம், வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய டாக்டர் ஐயாவுக்கு,

உங்கள் கிளினிக்கில் சீட்டு கொடுத்து, மாத்திரை எடுத்துத் தரும் சுதாராணி வணக்கத்துடன் எழுதுவது. பெங்களூரில் பயிற்சியும் சாப்பாடும் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். மனைவி என்று ஆரம்பித்தால் மேலோட்டமாகப் படித்து மடித்து வைத்துவிடுவீர்கள், அதற்குத்தான் இந்த மரியாதை. போனில் பேசினால் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்பதோடு முடிந்துபோகிறது. செபாஸ்டின் அண்ணன் மிளகு ஏற்றிக்கொண்டு அங்கே வருகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே குளிர் விடவில்லை. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பதால் பகலில் கூட்டமில்லை. காய்ச்சல் என்று வருகிறவர்களை ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றிவிடுகிறேன். மாரமங்கலத்து வேடியப்பன் ஒரு கூடை ஆரஞ்சை வைத்துவிட்டு, ஏனுங்க, ஐயா எப்ப வருவாருங்க என்று கேட்டுப் போனார். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒருவரும் கேட்பதில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பொறாமை. ஆடியில் மனநலப் பயிற்சியின் முதல் பகுதியை முடித்து வந்ததும், அறையின் திரையைக் கழற்றிக் கதவு மாட்டினீர்கள். முன்பெல்லாம் உடம்பு வலி என்று வந்தால் நின்றபடியே ஊசி, அடுத்த சீட்டு. இப்போது அவர்களை உட்காரவைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறீர்கள். அதிலும் மாதம்மாள் போனால் லேசில் வெளியே வருவதில்லை. அழுத கண்ணும் தெளிந்த முகமுமாக வருவாள். எனக்கு வயிறு எரியும். என்னிடம் அப்படி உட்கார்ந்து பேசி எத்தனை காலமாயிற்று? ஆத்திரத்தில் ஒருநாள் அவளுக்கு வேண்டுமென்றே கடைசிச் சீட்டு கொடுத்தேன். பின்னால் ஆளில்லை என்பதால் இன்னும் நிதானமாகப் பேசிவிட்டுப் போனாள் மகராசி.

நேற்றும் வந்தாள். ஐயா ஊரில் இல்லை என்றேன். ஊசி வேண்டாமுங்க, மாத்திரையும் ஊட்டுல இருக்குதுங்க, ஐயா கேக்கற மாதிரி நீங்க கேட்டாப் போதுமுங்க என்று சொல்லி உங்கள் அறையில் போய் உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் நானும் கதவைச் சாத்தினேன். தூக்கம் வருகிறதா, சோறு இறங்குகிறதா என்று வாய்க்கு வந்ததைக் கேட்டேன். அவள் சொன்னதை எழுத மாட்டேன், அறைக்குள் பேசியது வெளியே போகக்கூடாது என்பது உங்கள் சட்டம். ஆனால் அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்குப் புரிந்தது. அத்தனையும் என் கதை.

அவளுக்காவது காரணம் இருக்கிறது. குப்பனூர் ரோட்டில் லாரி கவிழ்ந்து மகன் போனது ஊருக்கே தெரியும். அந்தக் காரணத்தின் மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது, கடவுள் மன்னிக்கட்டும். டாக்டர் வீட்டுக்காரி எனக்கு என்ன குறை? ஆனாலும் ருசி தெரியவில்லை. ஹாஸ்டலிலிருந்து நம் பானு கூப்பிட்டால் போனை எடுக்கப் பிடிக்கவில்லை. ஏன்தான் விடிகிறதோ என்றிருக்கிறது. போன வாரம் துணி மடிக்கும்போது, நான் இல்லாமல் போனால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று தோன்றியது. பயந்துபோய்ப் பக்கத்து வீட்டு அத்தாயி அக்காவிடம் ஓடினேன். அவர்தான் அன்றிலிருந்து துணைக்குப் படுத்துக்கொள்கிறார்.

பயிற்சியை முடித்துக்கொண்டே வாருங்கள் என்றுதான் எழுத நினைத்தேன். மனம் வரவில்லை. இதைப் படித்ததும் புறப்பட்டு வாருங்கள். சொந்த வீட்டு ஆளுக்கு டாக்டர் வைத்தியம் பார்க்கக்கூடாது என்பீர்கள். வைத்தியத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும். என்ன செய்கிறது என்று மட்டும் நீங்கள் கேளுங்கள். ஒன்றுமில்லை என்றுதான் முதலில் சொல்வேன். எழுந்து போய்விடாதீர்கள்.

வழியைப் பார்த்திருக்கும்,
சுதாராணி