K-க்கு அடியில் ஒரு ரப்பர்

மடிக்கணினியைத் திறந்ததும் அதே வாசனை வந்தது. சூடேறிய தூசும் பழைய பிளாஸ்டிக்கும். முத்தியால்பேட்டைக் கடையைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். பீரோவின் அடித்தட்டில், பழைய துண்டில் சுற்றியபடி, பாரிசிலிருந்து உன் மச்சான் கொண்டுவந்த நம் முதல் மடிக்கணினி கிடந்தது. கெட்டுப்போன அந்த K விசையைச் சரிபண்ணி உன் வீட்டில் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீ கண்ணை மூடி மூன்று மாதமாகிறது. உனக்கென்று இனி நான் செய்ய வேறு என்ன இருக்கிறது.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா குடும்பங்களுக்கு நான் மனு எழுதுவேன், நீ தட்டச்சு செய்வாய். ஒருநாள் E மக்கர் பண்ணியது. பிரெஞ்சில் E இல்லாமல் ஒரு வரி நகராது. அடியில் இருக்கும் சின்ன ரப்பர் நைந்துபோயிருந்தது. அதற்கு உதிரி கேட்டால் கடைக்காரர்கள் சிரித்தார்கள். மறுநாள் நான் வந்தபோது E சுகமாக இறங்கி எழும்பியது. “பிரெஞ்சுல K எங்கடா வருது? அதுல இருந்ததத்தான் எடுத்து வெச்சிட்டேன்” என்றாய். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இரண்டு பேரும் பிரெஞ்சு படித்த மேதைகள் அல்லவா.

அன்றைக்கு முதலில் வந்தவர் கிருஷ்ணகுமாரி அம்மா. அடுத்து கண்ணையன். மனு பிரெஞ்சுதான், பெயர்கள் நம்மூர்ப் பெயர்களாயிற்றே. பென்சிலால் K-யைக் குத்திக் குத்தி உனக்கு வியர்த்துவிட்டது. சாயங்காலத் தபாலில் சேர்க்க வேண்டிய மனுக்கள். காத்திருந்தவர்கள் எதிரில் கத்தினேன்: “நீ கை வெச்சது எதுடா உருப்பட்டிருக்கு?” எனக்கும் அது சரியாகப் பட்டதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

மறுநாளிலிருந்து நீ வரவில்லை. வீம்புக்கு நான் புதுக் கணினி வாங்கிப் பழையதைப் பீரோவில் போட்டேன். கடையின் இன்னொரு சாவி உன்னிடமே இருந்தது. நீயும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அப்புறம் மார்க்கெட்டில் பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இன்று K-யைத் தொட்டேன். துள்ளி எழுந்தது. அந்த எழுத்தின் மூடியை நெம்பிப் பார்த்தால் அடியில் ரப்பர், விளிம்பில் பசை தடவி. உன் கைவேலை; நான் இல்லாத நேரத்தில் அந்தச் சாவியால் திறந்து வந்திருக்கிறாய். E-யும் நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் இதை எங்கிருந்து எடுத்தாய்? ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வந்தேன். X செத்துக் கிடந்தது. இத்தனை எழுத்து இருக்க, சேவியர் என்ற என் பெயரின் முதல் எழுத்துதானா கிடைத்தது உனக்கு? தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

மாலையில் அதை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். X-ஐ அழுத்திக் காட்டினேன். உன் மனைவி தானும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

“வேணும்னுதாண்ணே எடுத்தாரு. ‘அவன் மன்னிப்பு கேக்க வரமாட்டான், சண்ட போட கண்டிப்பா வருவான்’னு சொன்னாரு. ரொம்ப நாளு, சாயங்காலம் ஆனா வாசலையே பாத்துட்டிருப்பாரு.”

வந்திருப்பேன்டா. ஒரே ஒருமுறை அந்த மடிக்கணினியைத் திறந்திருந்தால், அன்றைக்கே சண்டைக்கு வந்திருப்பேன். இப்போது அந்தச் சண்டையைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்.