வக்கீலும் ஊமையனும்

ஏங்க,

ராத்திரி ஷிப்ட் முடிந்து அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனமில்லை. நான் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்புகிறேன். சோறும் குழம்பும் அடுப்பு மேல் இருக்கின்றன. உங்கள் சாவி செருப்பு அலமாரியில்.

கிளிகளுக்குப் பழம் நறுக்கி வைத்திருக்கிறேன். வக்கீலுக்கு முதலில் வைத்தால் தன் பங்கைத் தின்றுவிட்டு அடுத்தவன் பங்குக்கும் வாதாடுவான். அதனால் ஊமையனுக்கு முதலில் கொடுங்கள், எப்போதும் கொடுப்பீர்களே, அவன் மிரளாமலிருக்க முகத்தைப் பார்க்காமல், உள்ளங்கையில் வைத்து, அப்படி.

சாயங்காலம் ஊமையனை எடுத்துப்போக உங்கள் அக்கா வருவார். "பேசாத கிளி எதுக்கு, குடுத்துத் தொலைங்க" என்று நேற்று கத்தியது நான்தான். வக்கீல் கண்டதையும் கற்றுக்கொள்வான் என்று, சண்டைக்கு முன்னால் கூண்டுக்குத் துணி போட்டுவிடுவோமே, நேற்றைய கோபத்தில் அதையும் மறந்துவிட்டேன். காலையிலிருந்து என் குரலிலேயே "குடுத்துத் தொலைங்க, குடுத்துத் தொலைங்க" என்கிறான். அவன் சொல்லச் சொல்ல, ஊமையன் கம்பியின் ஓரத்துக்கு ஒதுங்கிக்கொண்டே போனான். மனசு கேட்காமல் கூண்டைத் திறந்தேன். என் தோளில் ஏறி உட்கார்ந்து, முடியை ஒவ்வொன்றாகக் கோதிவிட்டான். என்னிடமே!

அக்காவிடம் கிளியைக் கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிடுங்கள். டீயாவது போட்டுக் கொடுத்து அனுப்புங்கள்.

இடம் தீர்ந்துவிட்டது, ஓரத்தில் எழுதுகிறேன்: நான் திரும்புவதற்குள் கூண்டுக்குத் துணி போட்டு வையுங்கள். சண்டைக்கு இல்லை. உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வக்கீல் அதைக் கற்றுக்கொண்டால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான்.